வாசித்துச் சொல்லும் இயந்திரம்

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள ஊர் களமசேரி. கொச்சி நகரத்தை ஒட்டி இருக்கிறது. 1971இல் தொடங்கிய கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்காகக் கேரள அரசு கட்டிய பெரிய வளாகமும் 2019இல் இங்கே திறக்கப்பட்டது. கணிப்பொறி, செல்போன், புதிய கருவிகள் என்று பலவற்றையும் உருவாக்கும் இளைஞர்கள் இங்கே வேலை செய்கிறார்கள்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1989இல் இங்கே பெரிய எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். மீனவர், கூலித் தொழிலாளர், வயதான பெண்கள் என்று எல்லோருக்கும் எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று, இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. பிறகு புதுக்கோட்டை போன்ற தமிழக மாவட்டங்களிலும் அறிவொளி இயக்கம் பரவியது.

அதற்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்தார்கள்? கடிதம் வந்தால் படித்த ஒருவரைத் தேடிப் போனார்கள். கடன் பத்திரம் என்றாலும் அப்படித்தான். அவர் வாசித்துச் சொன்னதே உண்மை. அவர் ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? ஐந்நூறை ஐயாயிரம் என்று எழுதியிருந்தால் யார் கேட்பது? நல்லவர் வாசித்தால் பிழைத்தார்கள். ஏமாற்றுக்காரர் வாசித்தால் நிலத்தை இழந்தார்கள். எழுத்து கற்ற பிறகு, தானே சரிபார்க்கும் வலிமை வந்தது.

இப்போது மனிதருக்குப் பதில் ஓர் இயந்திரம் வாசித்துச் சொல்கிறது. அதன் பெயர் செயற்கை நுண்ணறிவு. சுருக்கமாக ஏ.ஐ. என்கிறார்கள். கண் தெரியாதவருக்கு அது படத்தை விளக்குகிறது. காது கேளாதவருக்குப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுகிறது. இது பெரிய உதவி. ஆனால் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. அது தவறாக வாசித்தால் யார் சரிபார்ப்பது?

கதவு செல்போனுக்குள் வந்துவிட்டது

முன்பு பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றால் நகராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். கேரள நகராட்சிகளில் 2024 ஜனவரி 1 முதல் 'கே-ஸ்மார்ட்' என்ற இணைய ஏற்பாடு வந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு, வீட்டு வரி, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் அதிலேயே விண்ணப்பிக்கலாம். வங்கி, ரேஷன், ஓய்வூதியம், மருத்துவமனை என்று பல வேலைகளும் இப்படி மாறி வருகின்றன.

எனவே செல்போனைக் கையாளக் கற்பதும் ஓர் எழுத்தறிவாகிவிட்டது. கேரளத்தில் இதற்கென்று தனி இயக்கமே நடந்தது. சுமார் 22 லட்சம் பேர் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் பயிற்சி பெற்றார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது.

ஆனால் கற்றுக்கொண்டால் மட்டும் போதுமா? திரை தெரியாதவர் எப்படிப் பார்ப்பார்? ஒலி கேளாதவர் எப்படிக் கேட்பார்? விரல் நடுங்குகிறவர் சின்னப் பொத்தானை எப்படி அழுத்துவார்?

இவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். பார்வைக் குறை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். கேட்கும் திறன் குறைந்தவர்களும் சுமார் 50 லட்சம் பேர். வயதானால் எல்லோருக்கும் பார்வை மங்கும், காது மந்தமாகும். அதையும் சேர்த்தால் இது ஒவ்வொரு வீட்டுப் பிரச்சினையும்தான்.

படிக்கட்டும் சாய்தளமும்

2017 ஜூன் மாதம் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியது. முதல் கட்டத்தில் திறந்த நிலையங்களில் களமசேரியும் ஒன்று. நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் அதில் ஏறி மேலே போகலாம். தரையில் மேடு வைத்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள். பார்வையற்றவர் கைத்தடியால் அந்த மேட்டைத் தொட்டு உணர்ந்து வழி அறியலாம். ரயிலுக்குள் அடுத்த நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்கிறது. அதைத் திரையும் காட்டுகிறது.

படிக்கட்டு மட்டும் இருந்தால் சிலருக்கு நிலையமே இல்லாத மாதிரிதான். செல்போனிலும் அப்படியே. எல்லோரும் நுழையும்படி இணையப் பக்கத்தை அமைக்க வேண்டும். இதைத் 'தடையில்லா அணுகல்' என்கிறார்கள்.

பார்வையற்றவர்கள் செல்போனையும் கணிப்பொறியையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆண்ட்ராய்டு செல்போனில் 'டாக்பேக்' என்ற திரைவாசிப்பான் உண்டு. கணிப்பொறிக்கு 'என்விடிஏ' என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006இல் இதை உருவாக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்து, உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இது தமிழையும் வாசிக்கும்.

ஆனால் திரைவாசிப்பானுக்கு எழுத்து வேண்டும். பக்கத்தில் வெறும் படம் இருந்தால் 'படம்' என்று மட்டும் சொல்லும். பொத்தானுக்குப் பெயர் எழுதாமல் விட்டால் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். எந்தப் பொத்தான்? பணம் அனுப்புவதா, ரத்து செய்வதா? கேட்பவருக்குத் தெரியாது.

எனவே பக்கத்தை உருவாக்குபவர் சில வேலைகளைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுத வேண்டும். பொத்தானுக்குப் பெயர் வைக்க வேண்டும். காணொளிக்கு எழுத்து வரி சேர்க்க வேண்டும். எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் நன்றாக வேறுபட வேண்டும். இவற்றுக்கு உலக அளவில் விதிகள் இருக்கின்றன. முதல் விதித் தொகுப்பு 1999இல் வந்தது. இந்திய அரசும் தன் இணையதளங்களுக்கு 2009இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

விதி இருந்தும் நடைமுறை குறைவு. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கத்தைச் சோதிக்கிறது. 2025இல் சோதித்தபோது 94.8 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது.

ஏ.ஐ. என்ன செய்கிறது?

இந்தக் குறையைத் தீர்க்க ஏ.ஐ. உதவுகிறது. அது எப்படி வேலை செய்கிறது?

கோடிக்கணக்கான படங்களையும் எழுத்துகளையும் குரல்களையும் கணிப்பொறிக்குக் கொடுக்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அடையாளங்களை அது பிடித்துக்கொள்கிறது. பிறகு புதிய படம் ஒன்றைக் காட்டினால், 'இது பெரும்பாலும் இன்னதாக இருக்கும்' என்று கணிக்கிறது. அது ஒரு கணிப்புத்தான். இதை மறக்கக் கூடாது.

இதனால் பல நன்மைகள் கிடைத்திருக்கின்றன. சாகிப் ஷேக் என்ற பார்வையற்ற பொறியாளரின் குழு உருவாக்கிய 'சீயிங் ஏஐ' என்ற செயலியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017இல் வெளியிட்டது. செல்போன் கேமராவைக் காட்டினால் அது எழுத்தை வாசிக்கும். எதிரில் இருப்பதைச் சொல்லும். கூகுள் நிறுவனம் 2019இல் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலியைக் கொண்டுவந்தது. எதிரில் இருப்பவர் பேசினால் திரையில் வரி வரியாக எழுத்து ஓடும். அதில் தமிழும் மலையாளமும் உண்டு.

நம் மொழிகளுக்கும் வேலை நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் குழு, அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தைக் கணிப்பொறி எழுத்தாக மாற்றும் மென்பொருளை உருவாக்கியது. அப்படி மாற்றினால் புத்தகத்தைக் குரலாகக் கேட்கலாம். பிரெய்ல் எழுத்திலும் அச்சிடலாம். சென்னை ஐஐடியில் 'ஏஐ4பாரத்' என்ற குழு 22 இந்திய மொழிகளின் குரல்களைச் சேகரித்து வருகிறது.

புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கும் இது பயன்படும். நீண்ட அரசு அறிவிப்பைச் செல்போன் வாசித்துச் சொல்லும். கூடவே கண்ணால் வரியைத் தொடரலாம். புரியாத சொல்லைத் திரும்பக் கேட்கலாம்.

தவறு எங்கே வருகிறது?

பார்வையற்ற ஒரு தாய் மாத்திரை அட்டையைச் செல்போனுக்குக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டை பளபளப்பாக இருக்கிறது. வெளிச்சம் பட்டு ஒரு புள்ளி மறைகிறது. 0.5 என்று இருப்பது 5 என்று தெரிகிறது. ஏ.ஐ. தயங்காமல் '5 மில்லிகிராம்' என்று சொல்கிறது. பத்து மடங்கு அதிகம்!

பார்வை உள்ளவர் இந்தத் தவறைக் கண்டுபிடித்துவிடுவார். அட்டையை இன்னொரு முறை உற்றுப் பார்ப்பார். அந்தத் தாய் எப்படிப் பார்ப்பார்? ஏ.ஐ. யாருக்கு மிகவும் தேவையோ, அவரால்தான் அதன் தவறைச் சரிபார்க்க முடிவதில்லை. இதுதான் இந்த விஷயத்தின் மையம். பத்திரம் வாசித்துக் கேட்ட அந்தக் காலத்து ஏழையின் நிலையும் இதுதான்.

இன்னொரு உதாரணம். 'விஸ்பர்' என்பது பேச்சை எழுத்தாக்கும் ஓர் ஏ.ஐ. கருவி. அமெரிக்காவில் கார்னெல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். சோதித்த ஒலிப்பதிவுத் துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில், யாரும் பேசாத சொற்றொடர்களையும் வாக்கியங்களையும் அது தானாகவே சேர்த்து எழுதியிருந்தது. பேச்சுக் குறைபாடு உள்ளவர்களின் பதிவுகளில் இந்தத் தவறு அதிகமாக இருந்தது. அவர்கள் பேசும்போது நடுவில் நிறுத்துவார்கள். அந்த மௌனம் நீண்டபோது இயந்திரம் கற்பனையால் நிரப்பியது. நூற்றில் ஒன்றுதானே என்று தோன்றலாம். மருத்துவரிடம் பேசியதில் அந்த ஒன்று வந்தால்?

மொழியிலும் சிக்கல் உண்டு. கொச்சியின் பழைய பகுதியான மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் பேசுகிறார்கள். பல தலைமுறையாக அங்கே வாழும் தமிழரின் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். வானொலிச் செய்தி போன்ற தெளிவான குரலில் மட்டும் பழகிய இயந்திரம் இந்தப் பேச்சில் தடுமாறும். யாருடைய குரலைக் கேட்டுப் பழகவில்லையோ, அவருக்கு அது சரியாக உதவாது.

கண் சிமிட்டச் சொன்ன இயந்திரம்

சில இடங்களில் உதவ வேண்டிய இயந்திரமே தடையாகிவிடுகிறது.

செல்போன் வழியாக வங்கிக் கணக்கு தொடங்கும்போது முகத்தைக் காட்டச் சொல்வார்கள். எதிரில் இருப்பது உயிருள்ள மனிதரா, வெறும் புகைப்படமா என்று இயந்திரம் சோதிக்கும். அதற்காகக் கண் சிமிட்டச் சொல்லும். 2023இல் அமில வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் ஒரு வங்கிக்குச் சென்றார். அவர் முகமும் கண்களும் கடுமையாகச் சிதைந்திருந்தன. அவரால் கண் சிமிட்ட முடியவில்லை. கணக்குத் தொடங்க முடியாமல் போனது. அவர் உயிரோடு எதிரிலேயே இருந்தார். ஆனால் இயந்திரத்தின் கணக்கில் அவர் ஆளே இல்லை.

அவரும் அவரைப் போலப் பாதிக்கப்பட்டவர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பார்வையற்ற ஒரு வழக்கறிஞரும் தனியாக வழக்குப் போட்டார். பிரக்யா பிரசூன் வழக்கு என்று இது அறியப்படுகிறது. நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். டிஜிட்டல் சேவைகளைப் பெறும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார்கள்.

அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் மற்ற அமைப்புகளுக்கும் 20 கட்டளைகள் பிறப்பித்தார்கள். கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் இருக்க வேண்டும். கைரேகையை ஏற்க வேண்டும். காகித வழியில் சரிபார்க்கும் முறையும் தொடர வேண்டும். இயந்திரம் நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனிதர் மறுபடி பார்க்க வேண்டும். செயலியைச் சோதிக்கும்போது பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. தகவலும் தொழில்நுட்பமும் எல்லோருக்கும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எனவே இது யாரோ இரக்கப்பட்டுத் தரும் சலுகை அல்ல. உரிமை.

குறுக்கு வழி உதவாது

சில நிறுவனங்கள் குறுக்கு வழியை விற்கின்றன. 'எங்கள் ஏ.ஐ. கருவியை உங்கள் இணையதளத்தில் ஒட்டிவிடுங்கள். எல்லாக் குறையும் தானாகத் தீரும்' என்கின்றன. அமெரிக்காவில் 'ஆக்சஸ்ஸிபி' என்ற நிறுவனம் இப்படி விளம்பரம் செய்தது. அந்த நாட்டின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் விசாரித்தது. சொன்னது போல் அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று குற்றம் சாட்டியது. 2025இல் அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்தும்படி உத்தரவானது.

ஓட்டை வீட்டுக்கு மேலே வண்ணம் பூசினால் மழை நிற்காது. கூரையை மாற்ற வேண்டும். பக்கத்தை உருவாக்கும்போதே சரியாக உருவாக்க வேண்டும். படத்துக்கு ஏ.ஐ. விளக்கம் எழுதித் தரலாம். அது சரியா என்று ஓர் ஆள் படித்துப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

நல்ல வழிக்கும் உதாரணம் உண்டு. டென்மார்க்கில் பார்வைக் குறைபாடு உள்ள ஹான்ஸ் யோர்கன் விபெர்க் தொடங்கிய 'பி மை ஐஸ்' என்ற செயலி 2015இல் வந்தது. பார்வையற்றவர் அதில் காணொளியில் அழைத்தால், எங்கோ இருக்கும் ஒரு தொண்டர் பார்த்துச் சொல்வார். 2023இல் அதில் ஏ.ஐ. சேர்ந்தது. தொண்டர்களை நீக்கவில்லை. இயந்திரம் சொன்னதில் சந்தேகம் வந்தால் மனிதரை அழைக்கலாம். வழி திறந்தே இருக்கிறது.

யார் என்ன செய்ய வேண்டும்?

கருவி செய்பவர்கள்: களமசேரியில் இருப்பது போன்ற வளாகங்களில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கருவியை முடித்துவிட்டு மாற்றுத்திறனாளிகளிடம் காட்டினால் போதாது. முதல் நாளிலிருந்தே அவர்களைச் சேர்க்க வேண்டும். என்விடிஏயும் சீயிங் ஏஐயும் அப்படித்தான் பிறந்தன. இயந்திரத்துக்குச் சந்தேகம் இருந்தால், 'சரியாகத் தெரியவில்லை, இன்னொரு முறை காட்டுங்கள்' என்று அது சொல்ல வேண்டும்.

அலுவலகங்கள்: ஏ.ஐ. வழியோடு இன்னொரு வழியும் வைக்க வேண்டும். நேரில் வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. தவறு நடந்தால் பொறுப்பேற்கும் அதிகாரி யார் என்று எழுதி வைக்க வேண்டும். 'இயந்திரம் சொல்லிவிட்டது' என்பது பதில் ஆகாது.

பயன்படுத்துபவர்கள்: பேருந்து எண், கடைப் பெயர், செய்தி போன்றவற்றுக்கு ஏ.ஐ. உதவியைத் தாராளமாகப் பெறலாம். மருந்து, பணம், பத்திரம், சாலையைக் கடப்பது ஆகிய நான்கிலும் அதை மட்டும் நம்பக் கூடாது. மருந்தின் அளவை மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். பத்திரம் என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் படித்துக் கேட்க வேண்டும். செல்போன் கேமராவில் காட்டும் படம் பல நேரம் தொலைவில் உள்ள கணிப்பொறிக்குப் போகிறது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், மருத்துவ அறிக்கை போன்றவற்றைக் காட்டும் முன் யோசிக்க வேண்டும். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள்: பார்வையற்றவரோ காது கேளாதவரோ 'இது சரியா என்று பார்' என்று கேட்டால் சலித்துக்கொள்ளக் கூடாது. 'செல்போன்தான் சொல்கிறதே' என்று தட்டிக் கழிக்கவும் கூடாது. அந்த ஒரு நிமிடம் உயிரைக் காக்கலாம்.

எர்ணாகுளத்தில் அன்று எழுத்துக் கற்றவர்கள், பிறர் சொல்வதைத் தாங்களே சரிபார்க்கும் வலிமையைப் பெற்றார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த காலத்திலும் அந்த வலிமை ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். கண் தெரியாதவருக்கும் காது கேளாதவருக்கும் அது கிடைக்கும்படி செய்வதே பொறுப்பான பயன்பாடு.

கலந்து பேசுவதற்கு

1. உங்கள் ஊரில் பார்வையற்றவர், காது கேளாதவர் யார் யார்? அவர்கள் வங்கி வேலையை எப்படிச் செய்கிறார்கள்?

2. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் இணையத்தில் விண்ணப்பிக்க முடியாதவருக்கு மாற்று வழி இருக்கிறதா?

3. செல்போன் வாசித்துச் சொன்னது தவறாக இருந்ததுண்டா? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

4. ஒரு மாத்திரை அட்டையில் உள்ள பெயர், அளவு, காலாவதி தேதி ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாத ஒருவருக்கு அதைச் சொல்லுங்கள்.